இகாருகா: கறுப்பும் வெள்ளையும்

நிலா, மாலை 6.12
சித்தப்பா, நீங்கள் சொன்ன இகாருகா என்ற வீடியோ கேமை மூன்று நாளாக நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஆடுகிறேன். இரண்டாம் கட்டத்தைத் தாண்டவே முடியவில்லை. திரை முழுக்கக் குண்டுகள் வரும்போது எங்கே ஒதுங்குவதென்று தெரியவில்லை.

இளங்கோ சித்தப்பா, மாலை 6.20
ஒதுங்கப் பார்ப்பதுதான் சிக்கல், நிலா. உன் விமானம் வெள்ளையாக இருக்கும்போது வெள்ளைக் குண்டுகள் அதை ஒன்றும் செய்யாது. அவற்றை உறிஞ்சி, எதிரியைத் தேடிப்போய்த் தாக்கும் லேசருக்கான சக்தியாக அது சேர்த்துவைக்கும். கறுப்புக் குண்டு ஒன்று பட்டால் போதும், உயிர் போய்விடும். நிறம் மாற்ற ஒரே ஒரு பொத்தான்தான். ஆனால் தன் நிறக் குண்டுகளை வீசும் எதிரியை அதன் எதிர்நிறத்தில் சுட்டால்தான் இருமடங்கு சேதம் என்பதால், உன்னைக் காக்கும் நிறமும் விரைவாக வெல்லும் நிறமும் எப்போதும் வெவ்வேறாகவே இருக்கும். இவ்வளவு சிறிய விதியிலிருந்து இவ்வளவு பெரிய தவிப்பை எழுப்பிய வேறொரு கேமை நான் ஆடியதில்லை.

மலர் அத்தை, மாலை 6.31
தம்பி, இதைச் செய்தது பெரிய நிறுவனமா? பெயருக்கு என்ன பொருள்?

இளங்கோ சித்தப்பா, மாலை 6.44
இல்லை அக்கா, ட்ரெஷர் என்னும் சிறிய ஜப்பானிய நிறுவனம். வெற்றி பெற்ற கேம்களுக்கு அடுத்தடுத்த பாகங்களைச் செய்துகொண்டே இருக்க மனமில்லாமல் கொனாமி என்ற பெரிய கேம் நிறுவனத்தை விட்டு வந்த மசாட்டோ மேகாவாவும் சகாக்களும் 1992இல் தொடங்கியது. மறு ஆண்டே செகா மெகா டிரைவ் என்ற கேம் கருவிக்கு அவர்களின் கன்ஸ்டார் ஹீரோஸ் கேம் வந்தது. அதில் நான்கு ஆயுதங்களைத் தனித்தனியாகவும், ஒரே ஆயுதத்தை இரட்டிப்பது உட்பட இரண்டிரண்டாகச் சேர்த்தும் மொத்தம் 14 வகை கிடைக்கும். 1998இல் ரேடியன்ட் சில்வர்கன் என்ற கேமை இயக்கிய ஹிரோஷி இயுச்சிதான் இகாருகாவையும் இயக்கினார். ஜி.ரெவ் என்ற இன்னொரு சிறிய நிறுவனமும் உழைப்பில் பங்கேற்க, 2001இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களிலும் 2002இல் டிரீம்காஸ்ட் என்ற வீட்டுக் கேம் கருவியிலும் வெளியானது. இகாருகா என்பது ஒரு பறவையின் பெயர். மிகப் பழைய மரக் கட்டடங்களைக் கொண்ட ஹோர்யூஜி கோயில் இருக்கும், ஜப்பானின் நாரா பகுதி ஊருக்கும் அதுவே பெயர்.

மலர் அத்தை, மாலை 6.50
போர் விமானத்துக்குப் பறவையின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நிலா, மாலை 6.52
ஐந்தாம் கட்டத்தின் பெயர் மறுபிறப்பு என்று பட்டியலில் பார்த்தேன். கடைசியில் என்ன நடக்கும், சித்தப்பா?

இளங்கோ சித்தப்பா, மாலை 7.03
கதையை உடைக்க மாட்டேன், ஆனால் ஒன்று சொல்கிறேன். கடைசி எதிரியின் முன்னால் அறுபது நொடிகள் உன்னால் சுடவே முடியாது. நிறத்தை மட்டும் மாற்றி மாற்றித் தாக்குப்பிடிக்க வேண்டும். சுடுவதற்கென்றே பிறந்த ஒரு வகைக் கேமின் உச்சத்தில் சுடும் பொத்தானைப் பறித்துவிடும் துணிச்சலுக்காகவே இயுச்சியை நான் கொண்டாடுகிறேன். அதற்கு இப்போதே பழகிக்கொள். ஒரு குண்டும் சுடாமல் ஒரு கட்டத்தை முடித்தால் டாட் ஈட்டர் என்ற தனிப் பட்டம் கிடைக்கும்.

நிலா, மாலை 7.06
சுடாமல், கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸை எப்படி வெல்வது?

இளங்கோ சித்தப்பா, மாலை 7.09
வெல்ல வேண்டியதில்லை. குறித்த நேரம் முடிந்ததும் அதுவே விலகிவிடும். அதுவரை உயிரோடு இருந்தால் போதும். முதல் கட்டத்தில் தொடங்கு.

நிலா, மாலை 7.41
முதல் பாஸ் வரை போய்விட்டேன், சித்தப்பா! ஒரு முறைகூடச் சுடவில்லை.