சிகாகோ பள்ளித் தலைவரை நீக்கியது சரியா?

கணக்குப்பிள்ளை:
பழைய பஞ்சாயத்துதான், ஆனால் இன்னும் தீராதது. சிகாகோ பொதுப் பள்ளிகளின் தலைமை நிர்வாகி பெட்ரோ மார்டினெஸை 2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு நீக்கினார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். மேயர் நியமித்த பள்ளி வாரியத்தில் ஓட்டுப் போட்ட ஆறு பேரும் ‘நீக்கு’ என்றார்கள். காரணம் குறிப்பிடாத நீக்கம் என்பதால், ஒப்பந்தப்படி இன்னும் ஆறு மாதம் அதே நாற்காலியில் இருந்தார்.

அவர் செய்த தப்பு என்ன? சுமார் 300 மில்லியன் டாலர் குறுகிய காலக் கடன் வாங்கச் சொல்லி மேயர் பிராண்டன் ஜான்சன் தரப்பு நெருக்கியது. மாட்டேன் என்றார், அவ்வளவுதான். ஆசிரியர் சம்பள உயர்வுக்கும், நகராட்சி ஊழியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்டும் 175 மில்லியன் டாலர் தவணைக்கும் அந்தப் பணம். அந்தத் தவணையோ சட்டப்படி நகராட்சி கட்ட வேண்டியது. மாதச் செலவுக்கு வட்டிக்கு வாங்கினால் குடும்பம் எங்கே போய் நிற்கும்? நான் மார்டினெஸ் பக்கம்.

ரோஜர்ஸ் பார்க் அம்மா:
கணக்கு சார், பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். அந்த ஓய்வூதிய நிதியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஆசிரியர் அல்லாத பள்ளி ஊழியர்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் என் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “காய் வேண்டாமா?” என்று கேட்கிற அம்மா மாதிரி ஆட்கள். அவர்கள் ஓய்வூதியத்தில் பள்ளிக்குப் பங்கே கிடையாதா? அதைப் பள்ளிகளிடம் கேட்கும் வழக்கம் ஜான்சன் ஆரம்பித்ததும் இல்லை. முந்தைய மேயர் லோரி லைட்ஃபுட் ஆரம்பித்தது. 2021இல் மார்டினெஸைக் கொண்டுவந்தவரும் அவரே. அப்போது கட்டியவர் இப்போது மட்டும் சட்டம் பேசினால் எப்படி?

ஜான்சன் ஆசிரியராக இருந்தவர், ஆசிரியர் சங்கத்தில் வேலை பார்த்தவர். எல்லாம் தெரிந்துதான் 2023இல் ஊர் அவருக்கு ஓட்டுப் போட்டது. 1995 முதல் பள்ளி நிர்வாகம் மேயர் கையில்தான். மற்ற மேயர்கள் ஆளை மாற்றியபோது வராத கோபம் இவர் மாற்றும்போது மட்டும் ஏன்?

ஏரிக்கரைக் காற்று:
அக்கா, மாற்றியதில் கோபம் இல்லை, மாற்றிய விதத்தில்தான். அக்டோபரில் வாரியத்தின் ஏழு பேரும் ஒட்டுமொத்தமாக விலகுவதாக அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதே ஜான்சன் போட்ட ஆட்கள்! புதிதாக வந்த வாரியத் தலைவர், பழைய சமூக ஊடகப் பதிவுகள் கிளறப்பட்டு, அந்த மாதம் முடிவதற்குள் வீட்டுக்குப் போனார். நவம்பரில் ஊர் வரலாற்றிலேயே முதல் பள்ளி வாரியத் தேர்தல். ஏழு இட வாரியம் 21 இடமாக விரிகிறது; அதில் பத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள், மீதி மேயர் நியமனம். அந்தப் பத்துப் பேர் ஜனவரியில் பதவியேற்பதற்குள், நியமன உறுப்பினர்களை வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள். நான்கு வாரம் பொறுக்க முடியாதா?

அன்றிரவு செய்தியைச் சத்தமாகப் படித்தேன். நான்காம் வகுப்புப் பெண் கேட்டாள்: “அப்போ லீவு முடிஞ்சு வேற ஆள் வருவாங்களா?” இல்லைம்மா, அவரேதான் வருவார், ஆனால் வேலை போயிடுச்சு என்றேன். “அப்புறம் எதுக்குப் போறாங்க?” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரோஜர்ஸ் பார்க் அம்மா:
பொறுத்திருக்கலாம் தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. சரி, 2025 ஏப்ரலில் என்ன நடந்தது? வேலைநிறுத்தம் இல்லாமலே நான்கு வருட ஒப்பந்தம் முடிந்தது. 2012, 2019 வேலைநிறுத்தங்களில் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கும் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது சின்ன விஷயமா என்று.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒப்பந்தம் முடிந்தபோதும் மார்டினெஸ்தான் நாற்காலியில் இருந்தார். கடனும் வாங்கவில்லை. உங்கள் உதாரணம் எனக்கே உதவுகிறது.

கடன் என்றால் இந்த ஊருக்கு என்னவென்று ஒரு கணக்கு. 2016 பிப்ரவரியில் இதே பள்ளி நிர்வாகம் 725 மில்லியன் டாலர் கடன் பத்திரம் விற்றது, 8.5 சதவீத வட்டிக்கு. அரசாங்கப் பள்ளி நிர்வாகத்துக்கு அது கந்து வட்டி. 2024இல் கேட்ட 300 மில்லியனை அப்போதைய ஏறக்குறைய 3,25,000 மாணவர்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 920 டாலர், வட்டி தனி. இன்றைய செலவுக்கு வாங்கி, நாளை ஐந்தாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளை தலையில் கட்டுவதா?

முன்னாள் வாத்தியார்:
மகள் வீட்டுக்கு வந்திருக்கும் கிழவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? இந்த நாற்காலிக்கு வந்து போனவர்களை எண்ணிப் பார்த்தேன். வாலஸ் ஆறு வருடம், டங்கன் எட்டு வருடம் இருந்தார்கள். அதற்குப் பிறகு சினிமாக் கொட்டகை இடைவேளை மாதிரி ஆட்கள் மாறுகிறார்கள். பிரிசார்ட் ஒன்றரை வருடம்கூட இல்லை. பார்பரா பேர்ட்-பென்னட் ஒப்பந்தக் கமிஷன் வழக்கில் சிறைக்கே போனார். தலைமையாசிரியர் மாறினாலே ஒரு பள்ளி நிலைகொள்ள இரண்டு வருடம் ஆகும். என் அனுபவத்தில் கண்டது.

நீங்கள் இருவருமே தொடாத இடம் ஒன்று உண்டு. 2013இல் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூடிய ரணம் இன்னும் ஆறவில்லை. அதனால் காலிக் கட்டடம் என்று யார் வாய் திறந்தாலும் பதவி ஆட்டம் காண்கிறது. டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் அளவில்தான் படிக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கட்டிய இடம். அங்கே பாட்டு வகுப்பு நடத்த முடியுமா, கால்பந்து அணி சேருமா? மார்டினெஸும் மூடமாட்டேன் என்றார், மேயரும் மூடமாட்டேன் என்றார். அதில் மட்டும் ஒற்றுமை.

ரோஜர்ஸ் பார்க் அம்மா:
வாத்தியார் ஐயா, மூடிய பள்ளிகள் எந்தத் தெருக்களில் இருந்தன என்றும் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்தவை. காலி என்று சொல்லிச் சொல்லியே அங்கே ஆசிரியர்களைக் குறைத்தால் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

கணக்குப்பிள்ளை:
அதைத் தனியாகப் பேசுவோம். முக்கியமான விஷயம் இதோ. மார்டினெஸ் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி ஆணையராகப் போய்விட்டார். இடைக்காலத் தலைவராக வந்தவர் மாக்குலின் கிங், மேயர் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். மேயர் நினைத்ததைச் செய்வார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2025 ஆகஸ்டில் 734 மில்லியன் டாலர் பற்றாக்குறையோடு அவர் கொடுத்த பட்ஜெட்டில் அந்தக் கடன் இல்லை! வாரியமும் 12-7 என்று அதை ஏற்றது. அப்படியானால் மார்டினெஸை எதற்கு நீக்கினீர்கள்?

ரோஜர்ஸ் பார்க் அம்மா:
மேயர் நினைத்ததைச் செய்வார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்த ஆட்கள்தான் அந்த முடிவையும் எடுத்தார்கள் சார். கடன் இல்லாத பட்ஜெட்டில் துப்புரவுப் பணியாளர்கள் குறைந்தார்கள், அதையும் கணக்கில் எழுதுங்கள். கூட்டும் ஆள் குறைந்த பள்ளிக்குப் போகிறவர்களும் அந்த 3,25,000 பேரில்தான் இருக்கிறார்கள்.

ஏரிக்கரைக் காற்று:
2026 நவம்பரில் 21 இடத்துக்கும் தேர்தல். அக்கா, நீங்களே நில்லுங்களேன். கணக்கு சாரைப் பொருளாளராகப் போட்டுக்கொள்ளலாம்.

ரோஜர்ஸ் பார்க் அம்மா:
அவர் கையெழுத்துப் போட ஒரு பேனா வாங்கக்கூட விடமாட்டார் தம்பி.