பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைய ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

மதுரைமகள்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆகுது. நடக்கிறார், இடது கைதான் வரலை. மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குவார், விரல்கள் லேசா விரியும். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல் (வேறு வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) பிரிச்சு முதுகுத்தண்டில் ஊசி போடலாம்னு ஒரு இடத்தில் சொல்றாங்க. பணம் கட்டலாமா?

நரம்பியல்_குமரன்: கட்டாதீங்க. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆய்வு நிலைதான். ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு, அதன் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்க: பக்கவாதத்துக்கான ஆய்வுதானா, இதே மருத்துவமனைதானா?
நம் நாட்டிலேயே 120 பேரிடம் மஜ்ஜை செல்களை ரத்த நாளம் வழியா ஏற்றிப் பார்த்து 2014இல் முடிவு வெளியிட்டாங்க. ஆபத்தில்லை, ஆனால் செல் ஏற்றாதவர்களைவிட முன்னேற்றமும் இல்லை.

வாசு: 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஸ்டெம் செல் ஆய்வில் கை கால் அசைந்ததே?

நரம்பியல்_குமரன்: அது மண்டையோட்டில் சிறு துளையிட்டு மூளைக்குள் செலுத்திய செல். 18 பேர்தான், ஒப்பிடுவதற்குத் தனிக் குழு கிடையாது. அதே செல்லை 163 பேரிடம், சிலருக்குச் செல் செலுத்தாமல் போலி அறுவை மட்டும் செய்து சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியலை. முதுகுத்தண்டு ஊசியில் வேறொரு பயமும் உண்டு: வெளிநாடுகளில் அப்படிப் போட்டுக்கொண்ட பக்கவாத நோயாளி ஒருவருக்குத் தண்டுவடத்தில் வேற்று செல்களாலான கட்டியே வளர்ந்தது.

பிசியோ_மலர்: அக்கா, விரல் விரியுதுன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியம். மணிக்கட்டு, கட்டைவிரல், இன்னும் இரண்டு விரல் தலா 10 டிகிரி நிமிர்ந்தாலே நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையையே வேலை செய்ய வைக்கும் பயிற்சிக்கு ஏற்றவர். 2006இல் வெளியான 222 பேர் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமானவங்களுக்குப் பலன் கிடைச்சது. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, இரண்டு வாரம், வார நாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சி.
கொண்டைக்கடலையை ஒவ்வொன்றா எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்க. தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து எடுத்தால் அது கைக்கான பயிற்சி ஆகாது. கிண்ணத்தைக் கிட்டே, தாழ்வா வையுங்க. குளியல், படிக்கட்டு, அடுப்படியில் உறை வேண்டாம். எழுப்பும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீங்க, தோள் மூட்டு நழுவும். விரல்கள் இறுகி மடங்கினால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்க.

மதுரைமகள்: நன்றி. உறை வலது கைக்குத்தானே?

பிசியோ_மலர்: ஆமாம், வலதுக்கு. விரல்களுக்குத் தனித்தனி இடம் இல்லாத தடித்த உறையா இருக்கட்டும்.