காணாமல் போன சித்தப்பா: சட்டம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். 2015 ஐப்பசியில் ஆயில் என்ஜினுக்கு பெல்ட் வாங்க மன்னார்குடிக்குப் பஸ் ஏறிய சித்தப்பா இன்றுவரை திரும்பவில்லை. புகார் கொடுத்தோம், முதல் தகவல் அறிக்கை நகல் கையில் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை.

நிலம் அவர் பெயரில். பட்டா மாற்ற முடியவில்லை, பயிர்க்கடனும் கிடைக்கவில்லை. 7 ஆண்டுகள் தகவல் இல்லையென்றால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம் (பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு, புதியதில் 111). ஆனால் இறப்புச் சான்று தானாக வந்துவிடாதாம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டுமாம்.

சிக்கல் சித்திதான். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் வாய்க்கால் படித்துறையில் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார். காதோலை கருகமணியை ஆற்றில் விடும்போது அவர் வாய் முணுமுணுப்பதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "செத்துட்டாருன்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தஞ்சை, திருவாரூர் பக்கம் இப்படி வழக்கு நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: காவல் நிலையத்தில் 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று எப்படி வாங்கினீர்கள்? சித்திக்குப் பதில் மகன் வழக்குப் போடலாமா? செலவு எவ்வளவு ஆனது? ஆதரவற்றோர் இல்லங்களில் பணிபுரிபவர்கள் இருந்தாலும் எழுதுங்கள். புகைப்படம் அனுப்புகிறேன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு.