தில்லிக் கல்விப் பயணம்: ஐந்து நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகே ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். வரும் குளிர்காலக் கூட்டத்தொடரின்போது முப்பது மாணவ மாணவியரைத் தில்லிக்கு அழைத்துச் செல்கிறோம். நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், தேர்தல் ஆணையம், குடியரசுத் தலைவர் மாளிகை, அருங்காட்சியகங்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சென்ற முறை போய்வந்தவர்களிடம் அவையில் என்ன நடந்தது என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துப் புறப்படுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஐயா, பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் மக்களவைக் கேள்வி நேரத்தை நடுவில் வையுங்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும் அதில், வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20 இடம்பெறும். அத்தனையும் எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. அந்தப் பட்டியல் முன்கூட்டியே மக்களவை இணையதளத்தில் வந்துவிடும். அதை எடுத்து, இரண்டு பேருக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக் கொடுத்து, முந்தின இரவே விடுதியில் உட்கார்ந்து படிக்க வையுங்கள். பையும் கைப்பேசியும் பார்வையாளர் மாடத்துக்குள் வராது என்பதால், படித்தது மனத்தில் இருக்க வேண்டும். பதில்கள் பெரும்பாலும் இந்தியில் இருந்தாலும், கேள்வி இன்னதென்று தெரிந்த பிள்ளைக்கு நடப்பது பிடிபடும்.

நான் அழைத்துச் சென்றவர்களில் ஒரு மாணவிக்கு ரயில் பாதை பற்றிய கேள்வி கிடைத்தது. பதிலைத் தொடர்ந்து எழுந்த துணைக்கேள்வி ஒன்றுக்கு அமைச்சர் தொகையைச் சொல்லாமல், பிறகு எழுத்தில் தருவதாகக் கூறி அமர்ந்தார். வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "எழுத்தில் தந்தாரா என்று நாம் எங்கே பார்ப்பது, சார்?" என்பதுதான். அன்று மாலை முழுவதும் எங்கள் பேச்சு அதைப் பற்றியே இருந்தது.

யமுனைவாசி:
அனுமதிச் சீட்டுக்கு உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரின் அலுவலகத்தை இப்போதே அணுகுங்கள். 2023 டிசம்பர் 13 அன்று மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்த பிறகு சோதனை மிகவும் கடுமையாகிவிட்டது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் தலைப்பெழுத்து அங்கே பெருந்தொல்லை.

உள்ளே போனதும் இருக்கைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 பேர் அமர இடம் உண்டு. இன்றைய உறுப்பினர்களோ 543 பேர்தாம். மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படியே மாற்றாமல் நிறுத்திவைக்கப்பட்டது ஏன், அந்தத் தடை நீங்கினால் 39 இடங்களுள்ள தமிழ்நாட்டின் பங்கு என்னவாகும் என்பதை, அந்த வெற்று இருக்கைகளைப் பார்த்தபடியே விளக்க வேறெங்கும் வாய்க்காது.

சட்ட மாணவி:
உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. திங்களும் வெள்ளியும் பெரும்பாலும் புதிய மனுக்களுக்கான நாள்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் புதியவர்களுக்கு ஒன்றும் விளங்காது. வாரத்தின் நடுவில் போனால் ஒரே வழக்கின் வாதத்தைத் தொடர்ந்து கேட்கலாம். அரசியல் சாசனம் பற்றிய முக்கியக் கேள்விகளை விசாரிக்கும், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஏதேனும் நடந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.

வைகைக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. மாளிகையையும் அருங்காட்சியகங்களையும் நீக்கிவிட்டேன். செவ்வாய் மக்களவை, புதன் உச்ச நீதிமன்றம் என்று வைத்திருக்கிறேன். நாளை காலை முதல் வேலையாக, முப்பது பேரின் அடையாள அட்டைகளையும் வாங்கித் தலைப்பெழுத்தைச் சரிபார்க்கப் போகிறேன்.