எரிகாயத்திலிருந்து தேறிவரும் அக்காவின் உணவு பற்றி ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்பில் வசிக்கும் என் அக்காவுக்கு, விறகடுப்பில் சேலை தீப்பற்றியதில் இடது கையும் விலாப்புறமும் எரிந்து, தோல் ஒட்டுச் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதங்களாகின்றன. முழங்கைக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. காலையில் கட்டை அவிழ்க்கும்போது துணியில் மஞ்சள் நீர் ஊறியிருக்கிறது.

இவ்வாறு கசியும் நீருடன் புரதமும் துத்தநாகம், செம்பு போன்ற தாதுக்களும் வெளியேறுகின்றன என்பதும், புதுத் திசு உருவாக விற்றமின் சி, ஏ ஆகியவை வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். விற்றமின் டி பற்றித்தான் பெரும் கவலை. எரிந்து தழும்பான தோல் அதைப் போதியளவு உருவாக்காது. புதுத் தோலை வெயிலில் காட்டவும் கூடாது. வன்னி வெயிலின் நடுவில் இருந்துகொண்டே அவருக்கு அது குறையக்கூடும்.

முட்டையும் மீனும் புண்ணில் சீழ் வைக்கும் என்று அஞ்சி, அம்மா சோறும் பருப்பும் மட்டுமே கொடுக்கிறார். அக்காவின் வலக்கை வளையல் இப்போது முழங்கை வரை வழுகுகிறது.

குழுவிலுள்ள தாதியரும் போசணைத் துறையினரும் தயவுசெய்து கூறுங்கள்: அம்மாவின் மனம் நோகாமல் முட்டையையும் குளத்து மீனையும் எப்படித் தொடங்கலாம்? முருங்கையிலை, நெல்லி, கொய்யா, பப்பாசி ஆகியவற்றை எவ்வளவு கொடுக்கலாம்? விற்றமின் டி இரத்தப் பரிசோதனையை வடக்கில் எங்கே செய்யலாம்? துத்தநாகம் மிகுந்தால் செம்பு குறையும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் குளிசை எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த கிளினிக்குக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.