பல்கலைக்கழக நிலத்தில் கட்டடம் வருகிறது என்றால் பக்கத்துத் தெரு என்ன செய்யலாம்? சென்னை அனுபவங்கள்

பூவரசு:

எங்கள் பகுதியில் நடந்ததை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது, அதற்குக் குந்தகம் வரக் கூடாது. தென் சென்னை, அடையாற்றுக்கு நடந்து போகிற தூரம். அவ்வளவு போதும்.

எங்கள் காலனிக்கும் பின்னால் இருக்கும் அரசு வாரியக் குடியிருப்புக்கும் நடுவில்தான் அந்தப் பல்கலைக்கழக நிலம். ஒரு பக்கம் பழைய ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. மறு பக்கம் மைதானம், வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள், மழை பெய்தால் குட்டையாகிவிடும் ஒரு பள்ளம். பின்பக்கம் ஒரு சின்ன இரும்பு கேட். காலையில் வாக்கிங் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் நுழைவார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போவதும், வாரியப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போவதும் அதே கேட்தான்.

ஒரு நாள் உள்ளே போர் வண்டி வந்து நின்றது. தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள் என்று பேச்சு. எங்கள் காலனியில் ஒரு கட்டட மேஸ்திரி இருக்கிறார். மண்ணை எடுத்து எடுத்துப் பெட்டியில் அடுக்கி எண் போடுவதைப் பார்த்துவிட்டு, "இது சாயில் டெஸ்ட்மா, பெரிய பில்டிங் வரப்போகுது" என்று அவர்தான் சொன்னார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளைக்குள் பதில் தர வேண்டும். சிண்டிகேட் (பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு) தீர்மானத்தின் நகல், கட்டட வரைபடம் போடும் ஆலோசகருக்குக் கொடுத்த பணி ஆணை, நில அளவை வரைபடம் இவற்றைக் கேட்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மேல்முறையீடு செய்ததும் பணி ஆணை கைக்கு வந்தது. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு அடுக்குமாடி, ஒரு மாணவர் விடுதி, மெயின் ரோட்டை ஒட்டி வாடகைக்கு விடும் வணிக வளாகம், எல்லாம் அதில் இருந்தன. அதைவிட முக்கியமாக, ஆலோசகர் எந்தக் கட்டத்தில் எந்த வரைபடத்தைக் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணை இருந்தது. முதல் கட்டமான கான்செப்ட் பிளானே, அதாவது எது எங்கே வரும் என்ற தோராய வரைபடமே, அப்போது முடியவில்லை.

நான் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான். நீங்கள் பேச வேண்டிய நேரம் அந்தக் கட்டம். டெண்டர் விட்ட பிறகு போனால் துணைவேந்தரே நினைத்தாலும் ஒரு தூணைக்கூட நகர்த்த மாட்டார்கள். பென்சில் கோடாக இருக்கும்போது போனால் மனம் வைத்தால் மாற்றலாம்.

அலுவலகத்தில் எடுத்ததும், "எங்க நிலம், நாங்க கட்டுறோம், உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் போகாதீர்கள். மரம், காற்று, அமைதி என்று ஆரம்பித்தால் பணக்காரக் காலனிக்காரர்கள் இலவசப் பூங்கா கேட்கிறார்கள் என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் தண்ணீரில் ஆரம்பித்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரையை மீறியபோது எங்கள் தெருத் தண்ணீர் உங்கள் பள்ளத்தில்தான் போய் நின்றது, அதை மண் போட்டு மேடாக்கினால் உங்கள் விடுதி தப்பிக்கும், பின்னால் இருக்கும் வாரியக் குடியிருப்பு மூழ்கும் என்றோம். காம்பவுண்டு சுவரில் படிந்த வெள்ளக்கறையை எடுத்த போட்டோக்களை மேஜையில் வைத்தோம். அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னார்கள்.

கூட்டம் எங்கே நடத்துவது என்பதில் எங்கள் நலச்சங்கத்துக்குள்ளேயே சண்டை. கிளப் ஹாலில் வைக்கலாம், ஏசி இருக்கிறது என்றார்கள் சிலர். வாரியக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில்தான் வைக்க வேண்டும் என்று நானும் வேறு சிலரும் ஒற்றைக் காலில் நின்றோம். கிளப் ஹாலுக்கு அங்கிருந்து ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள். அந்த நிலத்தை தினம் மிதித்து நடக்கிறவர்கள் வராமல் நடத்தும் கூட்டத்துக்கு என்ன மதிப்பு?

அங்கே நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆலோசகர் ஆபீசிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். பெரிய பிளானைச் சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டு, ப்ளாக் ஏ, ப்ளாக் பி என்று விளக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட் பக்கத்தில் இட்லிக் கடை போடுகிற அக்கா எழுந்து போய், "நம்ம கேட்டு எங்கப்பா இதுல?" என்று கேட்டார். காட்டினார்கள். அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போனார். இது வேப்பமரம், இது தண்ணி டேங்க், இது பசங்க கிரிக்கெட் ஆடுற இடம். சாம்பல் கலர் அடித்த ஒரு கட்டத்தில் விரல் நின்றது. "இது என்ன?" "பேஸ்மென்ட் பார்க்கிங்மா." "இங்கயா? இங்கதான்பா தண்ணி நிக்கும்." எவ்வளவு நிற்கும் என்று அந்தப் பையன் கேட்டான். இடுப்பில் கை வைத்துக் காட்டினார். அவன் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, அவர் கை வைத்த உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, பிளானிலேயே பென்சிலால் எழுதினான். அப்புறம் ஹாலில் இருந்த எல்லாரும் சுவர்ப்பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஆளாளுக்கு விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போதைய நிலவரம்: பேஸ்மென்ட் பார்க்கிங் மேட்டுப் பக்கம் போய்விட்டது. பள்ளத்தைக் குளமாகவே விட்டுவிட்டு மழைநீரை அதில் சேர்க்கிறார்கள். பின் கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு நடைபாதை பிளானில் ஏறியிருக்கிறது. வணிக வளாகம் அப்படியே இருக்கிறது, அதில் எங்கள் பேச்சு எடுபடவில்லை. தூங்குமூஞ்சி மரங்களில் ரோட்டோரம் இருப்பவை போகும். மனசு கேட்கவில்லை என்றாலும் அதுதான் நிலைமை.

ராணி மேரி பழைய மாணவி:

பூவரசு அக்கா, படித்ததும் 2003 ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ராணி மேரிக் கல்லூரி அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக நிலம் இல்லை. ஆனாலும் கதை பக்கத்துக் கதைதான். 1914-ல் தொடங்கிய கல்லூரி, எதிரில் மெரினா. அதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொன்னது. வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்தோம். பெற்றோர், பழைய மாணவிகள், ஊரே பின்னால் நின்றது. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அப்புறம் கோட்டூர்புரத்தில் அண்ணா பல்கலைக்கழக நிலத்தைத் தேர்வு செய்தார்கள். அங்கேயும் கட்டப்படவில்லை. கடைசியில் வேறொரு ஆட்சியில், 2010-ல், ஓமந்தூரார் தோட்டத்தில் திறந்தார்கள். இன்று அந்தக் கட்டடம் பன்னோக்கு மருத்துவமனை.

தடுப்பது வேறு, திட்டமிடுவதில் பங்கெடுப்பது வேறு. அதை நான் பிறகுதான் யோசித்தேன். நாங்கள் காப்பாற்றிய வளாகத்தில் இருந்த கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டு அங்கே புதுக் கட்டடம் வந்தது. அதன் வரைபடத்தை என் தோழிகளில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஆபத்து வந்தபோது திரண்ட கூட்டம், அமைதியான நாட்களில் கலைந்துவிட்டது. உங்கள் சமுதாயக் கூடத்தில் நடந்த மாதிரி ஒரு கூட்டம் எங்களுக்கு வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

குவார்ட்டர்ஸ் பிள்ளை:

நான் அந்தப் பக்கத்து ஆள். வேறொரு பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், அப்பா அலுவலக உதவியாளர். எங்கள் வீட்டில் சமையலறைக் கூரையிலிருந்து சிமென்ட் பெயர்ந்து விழும், கம்பி வெளியே தெரியும். அம்மா அடுப்பைத் திண்ணைக்கு மாற்றிவிட்டார். இடித்துக் கட்டுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். நடக்கவே இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு அது பச்சைப் பசேல் என்ற நிலம். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒழுகுகிற வீடு. இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வூதியம் கொடுக்கவே பணம் இல்லாமல் திண்டாடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வணிக வளாகத்தில் வரும் வாடகை யாரோ ஒரு கிளார்க்கின் பென்ஷன். அதனால் கட்டவே கூடாது என்று சொல்லும் நலச்சங்கங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. உங்கள் கூட்டத்தில் குவார்ட்டர்ஸ்காரர்கள் இருந்தார்களா?

பூவரசு:

இருந்தார்கள் தம்பி. ஊழியர் சங்கத்திலிருந்து வந்தார்கள், காலி செய்யும் குடும்பங்களுக்கு முதலில் புது ப்ளாக் கட்டிக் கொடுத்துவிட்டு அப்புறம் பழையதை இடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதை நாங்களும் எங்கள் மனுவில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டோம். வணிக வளாகமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லாரிகளும் கார்களும் எங்கள் தெரு வழியாக வராமல் மெயின் ரோட்டிலேயே வாசல் வையுங்கள் என்றுதான் கேட்டோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

எங்கள் காலனியிலேயே அந்த நடைபாதை வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளி ஆட்கள் வந்து போவார்களாம். வாரியக் குடியிருப்புக்காரர்கள் இங்கே எத்தனையோ வருடமாக இருக்கிறார்கள், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள், வெள்ளத்தில் நமக்குப் படகு தள்ளினார்கள். அவர்கள் எப்படி வெளி ஆட்கள் ஆவார்கள்? இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஓய்வுபெற்ற வரைவாளர்:

நகரமைப்புத் துறையில் வரைவாளராக வேலை பார்த்தவன் என்பதால் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த மாதிரித் திட்டங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்குக் கொடுக்கிறது. ஆகவே நீங்கள் நடத்திய கூட்டத்தை எந்தச் சட்டமும் உங்களுக்குத் தரவில்லை, நீங்களாக உண்டாக்கியது. அதனாலேயே அதன் நடவடிக்கைக் குறிப்பை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கு விண்ணப்பித்தால் ஆவணங்கள் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் ஏறும். மழைநீர் எங்கே போகிறது, எத்தனை மரம், எத்தனை வண்டி என்று அதில் எழுதியிருப்பார்கள். நிலத்தில் உள்ளது வேறாக இருந்தால் அனுமதி கொடுக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

அடுத்தது நிலப் பயன்பாடு. சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்கும் உள்ளது. அதில் கல்வி வளாகங்கள் பெரும்பாலும் நிறுவனப் பயன்பாட்டு மண்டலம். முழு வணிக வளாகம் கட்ட வேண்டுமானால் மண்டலத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு சிஎம்டிஏ-விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான பிடி அதுதான். மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அங்கேயும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இன்னொன்று. 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. அது உங்கள் மனைக்கு எப்படிப் பொருந்துகிறது, எந்த மூலையில் காட்டியிருக்கிறார்கள் என்று இப்போதே பாருங்கள். யாரும் நடக்க முடியாத ஒரு ஓரத்தில் காட்டிவிடுவது வழக்கம். அந்தக் குளமும் நடைபாதையும் அதற்குள் வந்தால் பிறகு யாரும் எளிதில் கை வைக்க முடியாது.

பூவரசு:

ஐயா, ரொம்ப நன்றி. திறந்தவெளி ஒதுக்கீட்டை நாங்கள் யோசிக்கவே இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் அதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது இழுபறி அந்தக் கேட் நேரத்தில்தான். காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை கொஞ்சம் என்று சொல்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் ஐந்து மணிக்கே கிளம்புகிறார்கள், இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறார்கள். வாட்ச்மேன் சம்பளம் யார் தருவது, விளக்கு யார் பொறுப்பு என்று பேச்சு அங்கேயே நிற்கிறது. கல்வி நிறுவனத்தோடு இப்படி ஒரு வழி உரிமையை எழுத்தில் வாங்கியவர்கள், மாநகராட்சியையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டவர்கள் யாராவது இருந்தால் அதன் வாசகத்தைப் பகிருங்கள். பெயர்களை அடித்துவிட்டு அனுப்பினால் போதும்.