நீலாம்பரி போட்டால் குழந்தை தூங்குமா?

தூளிக்காரி:
பையனுக்கு நாலு மாதம். பகலில் தூளியில் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் போதும், ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் அழுகைக் கச்சேரி. மாமியார் நீலாம்பரி ராகம் போடச் சொன்னார் என்று யூடியூபில் ஒரு மணி நேர வீணை ஒன்றைப் போட்டேன். இரண்டு நாள் பத்து நிமிடத்தில் கண் சொருகினான். மூன்றாம் நாள் நடுவில் நகைக்கடை விளம்பரம் வீறிட்டது, அவனும் வீறிட்டான். இப்போது வீணைச் சத்தம் கேட்டாலே முழிக்கிறான். வீட்டுக்காரர் மொசார்ட்டின் மேற்கத்திய இசையைப் போடு, மூளை வளரும் என்கிறார். எதைப் போடுவது, எவ்வளவு சத்தத்தில், விடிய விடிய ஓடவிடலாமா?

பாட்டு டீச்சர்:
மாமியார் சொன்னது தப்பில்லை. நீலாம்பரி சங்கராபரணம் என்ற தாய் ராகத்தின் ஜன்யம்தான், அதாவது அதிலிருந்து பிறந்ததுதான், ஆனால் ஸ்வரங்கள் நேராக ஏறி இறங்காது, வளைந்து வளைந்துதான் போகும். அதனால் அவசரமாகப் பாடினால் ராகமே போய்விடும். தியாகராஜர் ராமனை ஊஞ்சலாட்டும் 'உய்யால லூகவய்ய' இந்த ராகம்தான். இதே ராகத்தில் தீட்சிதரின் 'அம்ப நீலாயதாக்ஷி'யும் இருக்கிறது, அது நாகப்பட்டினத்து அம்மன் மேல் பாடிய பெரிய கிருதி, தாலாட்டு இல்லை. ஆக தூங்க வைப்பது ராகத்தின் பெயர் இல்லை, பாடுகிற காலப்பிரமாணம், அதாவது வேகம். குறிஞ்சி, ஆனந்தபைரவி, எந்த ராகமானாலும் விளம்பமாக, அதாவது மெதுவாக இருக்கட்டும். சபாக் கச்சேரிப் பதிவு மட்டும் வேண்டாம், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எழுப்பிவிடும், கைதட்டல் வேறு.

சந்தேக அப்பா:
மொசார்ட் கதை என்னவென்றால், 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிடம் ஒரு பியானோ சொனாட்டாவைக் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரிப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதில் ஒரு குழந்தைகூடக் கிடையாது! அதை வைத்துக்கொண்டு 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் தனியாக இல்லை.

வார்டு அக்கா:
பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் இருக்கும் அறைக்கு 50 டெசிபல் வரம்பு என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. நாம் அடங்கிய குரலில் பேசிக்கொள்கிற அளவுதான். போனைத் தூளிக்குள் போடாதீர்கள் அம்மா, ஏழடி தள்ளி அலமாரி மேல் வையுங்கள். தூங்கியதும் நிறுத்திவிடுங்கள், விடிய விடிய எதற்கு? விளம்பரத் தொல்லைக்குப் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்தால் சரி.

திண்ணைத் தாத்தா:
தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு, போனை ஆட்டுவதால் இல்லை. என் அம்மா, யாரடித்து நீ அழுதாய் என்று ஆரம்பித்து மாமன், அத்தை, பாட்டி என்று ஊரில் உள்ள உறவு எல்லாவற்றையும் பாட்டுக்குள் இழுப்பாள். பிள்ளை தூங்காவிட்டால் இன்னும் இரண்டு சித்தப்பன் சேருவான், தூங்கிவிட்டால் பாதி வரியில் குரல் தேயும். ரெக்கார்டு போட்ட பாட்டுக்கு அந்த வித்தை தெரியாதே.

தூளிக்காரி:
நாலு நாளாகப் போனைத் தொடவில்லை. பள்ளியில் ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடத்தோடு பாட்டு வகுப்பை விட்டவள் நான், அதனால் அதற்கும் முந்தைய சரளி வரிசையையே இழுத்து இழுத்துப் பாடுகிறேன். முதலில் வீட்டுக்காரர் தூங்குகிறார், அப்புறம் பையன். ஆனால் அந்த வரிசை அமைந்த மாயாமாளவகௌளை காலையில் பாடுகிற ராகமாயிற்றே என்று மாமியார் முகம் சுளிக்கிறார். டீச்சர், பரவாயில்லையா?

பாட்டு டீச்சர்:
அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. பாடுங்கள்.